ஒருத்தி படித்த வகுப்பில் இரண்டாம் ரேங்க்

1964ஆம் வருஷத்து அரையாண்டுப் பரீட்சையில் மில்லர்புரம் கமலவல்லி வகுப்பில் இரண்டாம் ரேங்க் வாங்கினாள். வகுப்பில் அவள் ஒருத்திதான்.

அந்த வகுப்பு நடந்தது அவள் வீட்டு முன்னறையில். ஒன்றரை வருஷம் முன்னால், அவளுக்குப் பத்து வயதானபோது, பள்ளிக்கூடக் கணக்குப் பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. முத்துச் சலாபத்துக்குப் பன்னிரண்டு தோணி போகிறது, தோணிக்குப் பத்துப் பேர், ஆளுக்கு நாற்பது சிப்பி எடுத்தால் மொத்தம் எத்தனை? கமலவல்லி 4800 என்று எழுதினாள். பின்னால் ‘சிப்பிகள்’ என்று போடாததற்கு டீச்சர் ஒரு மார்க்கைப் பிடித்துக்கொண்டார். துறைமுக ஆபீஸில் கிளார்க்காக இருந்த அவள் அப்பா சுதர்சனம் தலைமையாசிரியையிடம் போய், “முத்துக் குளிக்கப் போனவன் சிப்பியை எடுக்காம பின்னே கத்திரிக்காயையா எடுப்பான்?” என்று கேட்டார். பதில் திருப்தியாக இல்லை. மறுநாளே டி.சி. வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டுப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை, மணி, வருகைப் பதிவேடு, ரேங்க் கார்டு எல்லாம் முறைப்படி இருந்தன. கார்டில் ஆசிரியர் என்ற இடத்தில் சுதர்சனம் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவார். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, பெற்றோர் என்ற இடத்தில் நீல மையில் போடுவார். காலையில் பாடம் நடத்திவிட்டு அவர் ஆபீஸுக்குப் போன பிறகு கமலவல்லி தானே மணியடித்து, தானே எழுந்து நின்று, தானே உட்கார்ந்துகொள்வாள். இடைவேளையில் கொல்லைச் சுவரோடு எறிபந்து ஆடுவாள். சுவர் ஒருநாளும் தோற்கவில்லை. வகுப்புத் தலைவியும் அவள்தான் என்பதால், பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுத வேண்டும் என்று உத்தரவு. ‘பேசியவர்கள்’ என்ற தலைப்புக்குக் கீழே ஒன்றரை வருஷம் ஒரு எழுத்து விழவில்லை. பக்கத்து வீட்டு ஜெயசெல்வி பள்ளிக்கூடம் போகிற வழியில் ஜன்னலில் தலையை நீட்டி, “ஏளா, இந்தத் தடவையும் நீதான் ஃபர்ஸ்ட்டு, நீதான் லாஸ்ட்டா?” என்று கேட்டுச் சிரிப்பாள். பிறகு அவளுக்குப் புதுச் சிநேகிதிகள் கிடைத்தார்கள். கேலி செய்யக்கூட ஆள் வரவில்லை.

அந்த அரையாண்டில் சுதர்சனம் திருத்த உட்கார்ந்தபோது இரண்டு விடைத்தாள்கள் இருந்தன. அவர் எல்லாப் பரீட்சையிலும் அதே சிப்பிக் கணக்கைக் கேட்பார். கமலவல்லி எல்லாப் பரீட்சையிலும் ‘சிப்பிகள்’ போட மறப்பாள். தானே வாத்தியாரான பிறகு அவரும் அதற்கு ஒரு மார்க்கைப் பிடித்துக்கொள்வார். தொண்ணூற்றொன்பது. இன்னொரு தாளில் பெயர் இல்லை, குண்டு குண்டான கையெழுத்து, ஒரு தப்பும் இல்லை. நூறு. மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டு மகளுக்கு இரண்டாம் ரேங்க் போட்டார். பெயரில்லாத தாளுக்கும் ஒரு கார்டு எழுதி, ஆசிரியராக மட்டும் கையெழுத்திட்டார். “பெத்தவா இடத்துலயும் போட்டா என்னன்னா, கை தேஞ்சா போயிடும்?” என்றாள் அவர் மனைவி வரலக்ஷ்மி. “யாராத்துப் பிள்ளைன்னே தெரியாம எப்படிடி போடறது?” என்றார் அவர். வரலக்ஷ்மி இன்னொரு பாயை விரித்தாள்.

மறுநாள் பலகையில் ‘பேசியவர்கள்: 1. கமலவல்லி 2.’ என்று இருந்தது. இரண்டுக்கு எதிரே ஒன்றும் இல்லை. வாய்ப்பாடு இரண்டு குரலில் கேட்டது. எறிந்த பந்து சுவரைத் தொடாமலே திரும்பி வந்தது. வீட்டில் அந்தப் பெயரில்லாத பிள்ளைக்கு முதல் ரேங்க் என்றே பெயராயிற்று. வற்றல் பிழிகிற நாளில் வரலக்ஷ்மி, “முதல் ரேங்கைக் கொஞ்சம் காக்கா விரட்டச் சொல்லுடி” என்பாள். காக்கா வராது.

மகள் இரண்டாவதாக வருவது சுதர்சனத்துக்குத்தான் பொறுக்கவில்லை. எட்டாம் வகுப்பு முடிவில் முதல் ரேங்க் வாங்கினால் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பேன், இல்லையென்றால் கடைசிவரை முன்னறைதான் என்று சொல்லிவிட்டார். கமலவல்லிக்குப் போக ஆசைதான். ஜன்னல் வழியே ஒரு நாளைக்கு எத்தனை நீலப் பாவாடை போகிறது என்று அவளுக்குத் தெரியும். தான் போய்விட்டால் இங்கே ஒருவர் சுவரோடு ஆட வேண்டியிருக்கும் என்பதும் தெரியும். அதனால் அதற்குப் பிறகு வந்த பரீட்சைகளில் ‘சிப்பிகள்’ என்பதை வேண்டுமென்றே விட்டாள். “சிப்பின்னு மூணெழுத்து, அதைப் போட உனக்கென்னடி கேடு?” என்பார் சுதர்சனம். “மறந்துட்டேம்ப்பா” என்பாள்.

1966 ஏப்ரலில், கடைசிப் பரீட்சையிலும் விட்டாள். தொண்ணூற்றொன்பது. குண்டுக் கையெழுத்துத் தாளில் சிப்பிகள் இல்லை. அடுத்த கணக்கில் ‘மைல்’ என்பதும் இல்லை. தொண்ணூற்றெட்டு. சுதர்சனம் தெருவுக்கே கேட்கும்படி சந்தோஷப்பட்டார். கமலவல்லி அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மைல் என்று எழுதிவிட்டு எச்சில் தொட்டு அழித்த இடம் பொத்தலாகியிருந்தது.

“அப்பா, இது வேணும்னே பண்ணியிருக்கு.”

“வேணும்னு தப்புப் பண்ற பிள்ளை லோகத்துல உண்டாடி?” என்றார் அவர்.

ஜூனில் நீலப் பாவாடை கட்டிக்கொண்டு ஜெயசெல்வியோடு போனாள். வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். இரண்டாம் நாளே பேசியவர்கள் பட்டியலில் அவள் பெயர் ஏறியது. சாயங்காலம் வந்ததும் முதலில் வீட்டுப் பலகையைத்தான் பார்ப்பாள். தலைப்பு மட்டும் இருக்கும். கொல்லையில் அரைமணி ஆடுவாள். பந்து முன்னைவிட மெதுவாகத் திரும்பி வரும்.

டிசம்பரில் சுதர்சனம், பழக்கம் விடாமல், ஒரு கேள்வித்தாளைப் பாயில் வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போனார். கமலவல்லி வந்து பார்த்தபோது பலகையில் ‘பேசியவர்கள்: 1. 2.’ என்று இருந்தது. இரண்டுக்கும் பெயர் இல்லை. “மத்தியானம் பூரா ஒரே கூச்சல், கண் மூட முடியலை” என்று வரலக்ஷ்மி அலுத்துக்கொண்டாள். பாயில் இரண்டு தாள்கள் கிடந்தன. சாய்வான, மெல்லிசுக் கையெழுத்தில் இருந்த புதுத் தாளுக்கு நூறு. குண்டுக் கையெழுத்து சிப்பிகளை மறந்திருந்தது, இரண்டாம் ரேங்க்.

சுதர்சனம் இரண்டு கார்டிலும் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார். பிறகு நீலப் பேனாவை எடுத்து, இந்த முறை யோசிக்காமல், பெற்றோர் என்ற இடத்திலும் போட்டார்.