ஆறாவது மாணவியின் பதில்

காலை ஒன்பதரைக்கு ப்ரொஜெக்டர் காலை வாரிவிட்டது. ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு அணைந்ததுதான். தட்டிப் பார்த்தோம், கெஞ்சியும் பார்த்தோம், எரியவில்லை.

இறுதியாண்டு சிற்ப மாணவர்களின் வாய்மொழித் தேர்வுக்கு நான் வெளித் தேர்வாளராக வந்திருந்தேன். பன்னிரண்டு சிற்பங்களின் படங்களைத் திரையில் காட்டி, ஒவ்வொன்றும் எப்படிச் செய்யப்பட்டது, செய்தவர் என்ன நினைத்துச் செய்தார் என்று கேட்பதாகத் திட்டம். முறைக்கு ஐம்பது மதிப்பெண், கருத்துக்கு ஐம்பது. மேசைக்குப் பின்னால் நாங்கள் மூன்று பேர்: நான், துறைத்தலைவர், கலை வரலாற்று ஆசிரியர். வரலாற்று ஆசிரியர் ஒப்பந்தத்தில் இருப்பவர். இந்த வருடம் வேலை நிரந்தரமாக வேண்டும், அதற்குத் துறைத்தலைவரின் கடிதம் வேண்டும். வந்த பத்தாவது நிமிடத்திலேயே இதை என்னிடம் சொல்லிவிட்டார்.

“இப்ப என்ன பண்றது மேடம்?” என்றார் அவர்.

“படம் எதுக்கு? இந்த ரூம்லயே ஒண்ணு இருக்கே. எல்லார்கிட்டயும் இதையே கேப்போம்” என்றேன்.

சன்னலோரம் இடுப்பளவு மேடை மேல் துறைத்தலைவரின் ‘அமர்ந்திருக்கும் பெண்’ இருந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுருவம். சாம்பல் நிறம். அடியில் பித்தளைத் தகட்டில் ‘ஒரே கல்லில் செதுக்கியது’ என்று பொறித்திருந்தது. பதினான்கு வருடத்துக்கு முன் அது ஒரு பெரிய விருதில் முதல் பரிசு வாங்கியது. அந்த வருடம் இரண்டாம் பரிசு வாங்கிய கல் என்னுடையது. மேடையேறி அவருக்குக் கை கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுத்தேன், பொய் சொல்வானேன்.

துறைத்தலைவர் சிற்பத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். “என் வேலையை வெச்சு என் பசங்களுக்கே பரீட்சையா? வேணாமே மேடம், சங்கடமா இருக்கும்.”

“சங்கடம் என்ன சார், அவங்களுக்குச் சுலபமாத்தான் இருக்கும்.”

அவர் தயங்கியதைத் தன்னடக்கம் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஐந்து பேர் வந்து போனார்கள். ஐந்து பேரும் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒரே பதிலைச் சொன்னார்கள். கழித்துக்கொண்டே போகும் முறை, முதலில் பெரிய உளி, அடுத்து பல் உளி, கடைசியில் அரம். கருத்து என்றதும் ஒருத்தன் பொறுமை என்றான், இன்னொருத்தி தாய்மை என்றாள். ஐந்தாவது ஆள் துறைத்தலைவரின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னான். அவர் தலை ஆடியதும் மேலே போனான். யாரும் நாற்காலியை விட்டு எழவில்லை. ஒவ்வொரு ஐம்பதுக்கும் முப்பது, அதற்கு இரண்டு கூட, இரண்டு குறைய என்று எழுதிக்கொண்டே போனேன். எனக்குக் கொட்டாவி வந்தது.

ஆறாவது ஆள் வருவதற்கு முன் துறைத்தலைவர் என் பக்கம் சாய்ந்தார். “இது ஒரு தனி கேஸ் மேடம். கைவேலை வரும், தலையில ஒண்ணும் ஏறாது. எழுத்துப் பரீட்சையில எட்டே வரி எழுதி வெச்சிருக்கா. இதுல அம்பது எடுக்கலைன்னா இன்னொரு வருஷம் உக்காரணும். நான் என்ன பண்ண முடியும்?”

உள்ளே வந்தவளுக்கு முப்பத்தாறு வயது. பல் மருத்துவர்களுக்குப் பல் செட்டு செய்து கொடுக்கும் பட்டறையில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு, அதன் பிறகு சிற்பம் படிக்க வந்தவள். கூடப் படிக்கிறவர்கள் அவளைப் பல்லக்கா என்று கூப்பிடுவதை வராந்தாவிலேயே கேட்டிருந்தேன். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“இந்தச் சிற்பம் எப்படிச் செஞ்சதுன்னு சொல்லுங்க.”

அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நிமிடம் போயிற்று. வரலாற்று ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“என்னம்மா, கீழ தகட்டுலயே எழுதியிருக்கே. எழுத்துக் கூட்டிப் படிக்க வரும்ல?” என்றார் துறைத்தலைவர். வரலாற்று ஆசிரியர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

“தொட்டுப் பாக்கலாமா மேடம்?”

“தொடுங்க” என்று நானும் “தொடக்கூடாது” என்று துறைத்தலைவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. “நான் சொல்றேன், தொடுங்க” என்றேன்.

அவள் எழுந்து சிற்பத்துக்குப் பின்பக்கம் போனாள். அக்குளில் விரலை விட்டுத் துழாவினாள். காதுக்குப் பின்னாலிருந்து தோள் வரை நகத்தால் ஒரு கோடு இழுத்தாள். மறுபடி முதுகுக்கு வந்தாள். அவளுக்குப் புதிதாக எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை, சொல்லலாமா கூடாதா என்று யோசிக்க நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்று எனக்குப் பட்டது.

“படிச்சதைச் சொல்லணுமா மேடம், பாக்குறதைச் சொல்லணுமா?”

“பாக்குறதை” என்றேன்.

“இது செதுக்கினது இல்ல. அச்சுல ஊத்தினது.”

துறைத்தலைவரின் நாற்காலி தரையில் கீச்சிட்டது. அவள் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்தவள்போல் வேகமாகச் சொன்னாள்.

“அக்குள்ல கடுகு அளவுல ரெண்டு குழி இருக்கு. நல்ல உருண்டை. காத்துக்குமிழி. பல்லு அச்சுல மாவு ஊத்துறப்ப தட்டித் தட்டிக் குமிழியை வெளிய விரட்டுவோம், ஒடுக்கமான இடத்துல ஒண்ணு ரெண்டு மாட்டிக்கிட்டு நின்னுடும். காதுக்குப் பின்னாடி ஒரு கோட்டைச் சுரண்டி எடுத்திருக்காங்க. அச்சோட ரெண்டு பாதியும் சேர்ற இடம் அது. கல்லுப் பொடியையும் பிசினையும் கலந்து ஊத்தியிருக்காங்க.”

“வாயை மூடு” என்று எழுந்த துறைத்தலைவர், என்னைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டார். “சரி, உண்மையைச் சொல்லிடறேன். இது நகல்தான். அசல் கல்லு என் வீட்டுல பத்திரமா இருக்கு. யாராவது கைவெச்சிடுவாங்கன்னு அதுல இருந்து அச்செடுத்து ஊத்தி இங்க வெச்சேன். இதுக்குப் போய் இவ்வளவு கூத்தா? உக்காரும்மா. கருத்துக் கேள்விக்குப் போகலாம்.”

வரலாற்று ஆசிரியர் பெருமூச்சு விட்டார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தமாதிரி இருந்தது. நம்பக்கூடிய பதில். கல்லூரிகளில் நகல் வைப்பது ஊருக்கெல்லாம் தெரிந்த வழக்கம்தான்.

ஆனால் அவள் வந்து உட்காரவில்லை. முதுகின் மேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை. இன்னொன்று இருக்கிறது என்று அந்தக் கை சொன்னது. நான் கேட்டால் சொல்வாள். கேட்காவிட்டால் பேசாமல் வந்து உட்கார்ந்துவிடுவாள். கேட்பது தேர்வுக்காகவா, பதினான்கு வருடத்துக்கு முன் பல்லைக் கடித்துக்கொண்டு கை கொடுத்தவளுக்காகவா? அந்த நிமிடத்தில் எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் கேட்டேன்.

“இன்னும் ஏதாவது சொல்லணுமா?”

“முதுகெல்லாம் உளித் தழும்பு இருக்கு மேடம். கல்லுல உளி பட்டா சில்லு தெறிச்சுப் போயிடும், குழி மட்டும்தான் நிக்கும். இதுல ஒவ்வொரு தழும்புக்கும் ஒரு ஓரத்துல வரப்பு மாதிரி தூக்கியிருக்கு. ஈர மண்ணுல அழுத்தினாத்தான் மண்ணு ஒதுங்கி அப்படி நிக்கும். கல்லுல இருந்து அச்செடுத்திருந்தா இந்த வரப்பு வராது. முதல்லயே மண்ணுலதான் செஞ்சிருக்காங்க.”

நான் எழுந்து போனேன். கட்டைவிரலை அந்த முதுகில் மெல்ல ஓட்டினேன். விரல் தட்டியது. அடுத்த தழும்பிலும் தட்டியது. அதற்கடுத்ததிலும். முப்பது வருடமாக உளி பிடித்தவள் நான். அந்தப் பரிசுக் கண்காட்சியில் இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பத்துத் தடவை சுற்றி வந்திருக்கிறேன். கயிறு கட்டியிருந்தார்கள், தொடவில்லை. முன்பக்கத்தைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கியதில் முதுகு என் கண்ணுக்கே படவில்லை.

துறைத்தலைவர் என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். “கருத்துக்கு வா” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. “இதைச் செஞ்சவன் மனசுல என்ன இருந்தது? அதைச் சொல்லு பாக்கலாம்.” இந்த இடத்தில் அவள் தடுக்கி விழுவாள் என்று அவர் நம்பியது தெரிந்தது.

“சொன்னா கோவிச்சுக்குவீங்க சார்.”

“சொல்லு.”

“தோளும் பிடரியும் கட்டைவிரலால இழுத்து இழுத்துச் செஞ்சது. அந்த இடத்துல செஞ்சவருக்குப் பயமே இல்ல. அந்தப் பொண்ணுகிட்ட பொறுமையெல்லாம் ஒண்ணும் இல்ல சார், களைச்சுப் போயிருக்கா. யாரோ வருவாங்கன்னு இருந்து இருந்து பாத்துட்டு, இனிமே வரமாட்டாங்கன்னு தெரிஞ்சு உக்காந்திருக்கா. முதுகைப் பாத்தாலே போதும். அதுக்கு மேலதான் உளித் தழும்பு போட்டிருக்காங்க. கல்லுன்னு ஊரு நம்பணும்னு. நல்லா வந்திருந்த முதுகை அதுதான் கெடுத்திருக்கு.” முதுகிலிருந்து கையை எடுத்தாள். “இதைச் செஞ்சவருக்கு மண்ணு அப்படி வருது. அது போதாதுன்னு அவருக்கு யாரு சொன்னாங்கன்னு தெரியல.”

துறைத்தலைவர் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“எப்ப கண்டுபிடிச்ச?”

“முதல் வருஷம் சார். தூசி துடைக்கச் சொன்னீங்கல்ல, அன்னிக்கு.”

“மூணு வருஷமா யார்கிட்டயும் சொல்லலையா?”

“யாரும் கேக்கல சார்.”

அவள் குரலில் குத்தல் இல்லை. நான் அவளை வெளியே அனுப்பினேன்.

முறைக்கு நாற்பத்தெட்டு, கருத்துக்கு நாற்பத்தாறு போட்டேன். தேர்வுப் பதிவேட்டில் ‘பதிலின் சுருக்கம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் மதிப்பெண் செல்லாது. அவள் சொன்னதை இரண்டு வரியில் எழுதினேன். துறைத்தலைவர் பதிவேட்டைத் திருப்பிப் படித்தார்.

“மார்க் நூத்துக்கு நூறு வேணாலும் போடுங்க. அந்த ரெண்டு வரியை மட்டும் அடிச்சிடுங்க.”

“அந்தப் பதிலுக்குத்தானே சார் மார்க்.”

“சுத்தியல் பிடிச்சா விரல் மரத்துப் போகும் எனக்கு. அந்த விருதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே மணிக்கட்டு போயிடுச்சு. கல்லுச் சிற்பின்னு பேர் எடுத்தவன் நான். என்ன பண்ணியிருக்கணும், நீங்களே சொல்லுங்க.”

நான் பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தேன். அதை அவர் இளக்காரம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். முகம் சிவந்தது.

“இதை நீங்க எழுதினா ஊர் என்ன சொல்லும்னு தெரியும்ல? ரெண்டாவதா வந்தவ பதினாலு வருஷம் கறுவிக்கிட்டே இருந்து பழிதீத்துட்டான்னு சொல்லும்.”

“சொல்லும்” என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

மூன்று கையெழுத்துக்கு இடம். இரண்டு இருந்தால் செல்லும். துறைத்தலைவர் தன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். இருவரும் வரலாற்று ஆசிரியரைப் பார்த்தோம். பேயறைந்ததுபோல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“யோசிச்சுப் போடுப்பா” என்றார் துறைத்தலைவர் மெதுவாக.

வரலாற்று ஆசிரியர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். இரண்டு வரியையும் உதடு அசையப் படித்தார். “மூணு வருஷமா இந்தச் சிற்பத்தைக் காட்டித்தான் சார் செதுக்குற முறைக்கு வகுப்பு எடுத்திருக்கேன். பசங்க நோட்டுல எழுதிக்கிட்டாங்க” என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. சட்டென்று கையெழுத்தைப் போட்டார்; அது கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டது. துறைத்தலைவர் எழுந்து வெளியே நடந்தார். கதவைச் சாத்தவில்லை.

வராந்தாவில் மற்ற ஐந்து பேரும் அவளைச் சூழ்ந்து நின்றார்கள். “என்ன பல்லக்கா, இவ்வளவு நேரம்? கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டாங்களா?” என்றான் ஒருத்தன். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“நான் ஃபெயிலா மேடம்?”

முடிவைச் சொல்லக்கூடாது என்பது விதி. “இல்ல” என்றேன்.

அவள் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “பொண்ணை நாத்தனார் வீட்டுல விட்டுட்டுத்தான் மேடம் வந்து படிக்கிறேன். இந்த வருஷத்தோட முடிஞ்சிடும்னு அவகிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன். உள்ள சொல்லச் சொல்ல, அவ மூஞ்சிதான் முன்னாடி வந்து நின்னுச்சு. சொல்லாம இருந்திருக்கலாமோன்னு இப்பதான் பயமா இருக்கு” என்றாள்.

பதிவேட்டில் இருந்த அந்த இரண்டு வரியை வைத்து விசாரணை ஐந்து மாதம் நடந்தது. துறைத்தலைவர் அங்கே ஒரு பொய்யும் சொல்லவில்லையாம். பழைய அச்சின் இரண்டு பாதியையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசை மேல் வைத்துவிட்டு, ராஜினாமாக் கடிதத்தையும் பக்கத்திலேயே வைத்தாராம். விருதுப் பட்டியலில் அந்த வருடத்து முதலிடத்தை வெறுமையாக விட்டார்கள். நான் இரண்டாவதாகவே இருக்கிறேன். வரலாற்று ஆசிரியருக்கு நிரந்தரம் ஆகவில்லை, இன்னும் ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். எப்போதாவது போன் செய்வார். குறை சொல்ல மாட்டார். ஆனால் சாப்பிட்டீங்களா மேடம் என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருப்பார். அந்தக் கல்லூரி என்னை மறுபடி கூப்பிடவில்லை. அவள் தேறி, மகளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று கேள்வி.

துறைத்தலைவர் சொன்னபடியே ஊர் சொன்னது. ஒரு கண்காட்சித் திறப்பு விழாவில் தெரிந்த சிற்பி ஒருவர், “கடைசியில சாதிச்சிட்டீங்க” என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் துணி மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தாமலே கேட்டார்: “நெசமாச் சொல்லு, உனக்குச் சந்தோஷமா இருந்துச்சா?”

“அன்னிக்கு இல்ல. மறுநாள் காலைல எழுந்தப்ப இருந்துச்சு.”

“அப்புறம்?”

“முகம் கழுவுற வரைக்கும் இருந்துச்சு” என்றேன்.

அவர் தலையாட்டினார். இன்னொரு சட்டையை எடுத்து உதறினார்.