ஏழாவது பத்தி

"வக்கீல் எதுக்கு அக்கா, நானே பதினெட்டு வருஷமா..."

"நீயே, நீயே. பல்லு வலிச்சா அதையும் நீயே பிடுங்கிக்கோ."

"முழுசா சொல்ல விடு. இது சண்டை வழக்கு இல்ல. ரெண்டு பேரும் சம்மதிச்சு..."

"சம்மதிச்சு வாழத் தெரியல. சம்மதிச்சுப் பிரிய மட்டும் தெரிஞ்சுதாக்கும்."

தங்கைக்குச் சுருக்கென்றது. ஆனால் அக்காவின் சொல்லுக்கெல்லாம் கோபித்துக்கொள்ள ஆரம்பித்தால் ஓர் ஆயுசு போதாது. நீதிமன்றத்துக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில் இருந்தது அவளுடைய டைப்பிங் கடை. பிரிண்டருக்கும் சுவருக்கும் நடுவே முதுகை ஒடுக்கி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி ட்யூட்டி முடிந்து நர்ஸ் உடுப்போடு நேரே வந்த அக்காவின் கையில், முந்தின நாள் தாக்கலான விவாகரத்து மனுவின் நகல்.

"விசாரணை என்னைக்கு?"

"வர்ற பதினாலு. சம்மதமான்னு ஜட்ஜ் கேப்பாங்க, ரெண்டு பேரும் ஆமான்னு சொல்லுவோம். ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை கேப்பாங்க. அவ்வளவுதான். இந்த மாதிரி எத்தனை அடிச்சிருக்கேன். மாதிரி வேணும்னா வக்கீலுங்களே எங்கிட்டதான் வந்து நிப்பாங்க."

"ஏழாவது பத்தியைச் சத்தமாப் படி."

"அடிச்சவளே நான்தானே."

"அதனாலதான் சொல்றேன். படிடீ."

படித்தாள். 'மைனர் மகள் முதல் மனுதாரரான தந்தையின் பொறுப்பிலேயே வளர்வாள். தாய் எக்காலத்திலும் அவளைக் கோரமாட்டார்.'

இன்னொரு தடவை, உதடு மட்டும் அசையப் படித்தாள்.

போன வருஷம் யாரோ ஒரு தம்பதிக்கு அடித்த மனு. அதையே எடுத்து, பெயர், விலாசம், தேதி எல்லாம் மாற்றியிருந்தாள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒவ்வொரு மனுவையும் படித்து, மூக்கைச் சிந்திக்கொண்டே அடித்தவள்தான். ஒரு மனு முடிய அரை நாள் ஆயிற்று. அப்புறம் பழகிக்கொண்டாள். கண் எழுத்தைப் பார்க்கும், விரல் அடிக்கும், மனசு வீட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கும். தன்னுடைய மனுவையும் அந்தக் கண்ணால்தான் பார்த்திருந்தாள்.

கணவனுக்கு போன் போட்டாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன்.

"ஏழாவது பத்தியில ஒரு தப்பு நடந்துடுச்சுங்க. பழைய மனுவுல இருந்தது அப்படியே..."

"பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை படிச்சுட்டுதான் கையெழுத்துப் போட்டேன். இவளா இப்படி எழுதினான்னு இருந்துச்சு. சரி, உனக்கே நியாயம் பட்டிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

"எனக்கு அவ வேணுங்க. திருத்தி அடிச்சுக் கொண்டுவரேன், நீங்க ஒரு கையெழுத்து மட்டும்..."

"பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"பிள்ளைங்க ஏறுதுங்க. வைக்கிறேன்."

அக்கா தங்கையின் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மேலே இருந்த வக்கீலம்மாளுக்கு இவள் பத்து வருஷமாக டைப் அடித்துக் கொடுக்கிறவள். அந்த அறையில் கட்சிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான்.

"தப்பா விழுந்துடுச்சுன்னு சொன்னா நம்ப மாட்டாங்களா மேடம்?" என்றாள் அக்கா.

"எழுதப் படிக்கத் தெரியாதவ சொன்னா நம்புவாங்க. இந்தக் கோர்ட்டுல பாதி மனு இவ கையால வந்தது." வக்கீலம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "சம்மதத்தை வாபஸ் வாங்கலாம், அதுக்கு வழி இருக்கு. ஆனா அன்னைக்கிலேர்ந்து இது சண்டைதான். ரெண்டு வருஷம் ஆகலாம், நாலும் ஆகலாம். வீட்டுக்குள்ள பேசினது, பேசாதது எல்லாம் சந்திக்கு வரும். அவர் வக்கீல் முதல் கேள்வியே இந்தப் பத்தியைத்தான் கேப்பார். நானா இருந்தாலும் அதைத்தான் கேப்பேன்."

"ஜெயிப்போமா மேடம்?" என்றாள் தங்கை.

"ஜெயிப்போம்னு சத்தியம் பண்ற வக்கீல்கிட்ட போயிடாதே. பொண்ணுக்கு என்ன வயசு?"

"ஒன்பது."

"ஸ்கூலுக்கு யாரு கூட்டிட்டுப் போறது?"

"அவர்தான். அவர் பஸ்லதான் போறா."

"சாயந்திரம்?"

"அவர்தான் மேடம். நான் கடை மூட எட்டு ஆயிடும்."

"போன தடவை ஜுரம் வந்தப்போ?"

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா மடியிலிருந்த பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அன்னைக்கு ஒரு அவசர மனு இருந்துச்சு. உங்களுக்குத்தான்."

வக்கீலம்மாள் வக்காலத்துத் தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். பேனாவைக் கொடுக்கவில்லை.

"இதுல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லும்மா. ஜட்ஜ் அந்தப் பொண்ணைத் தனியாக் கூப்பிட்டு, அப்பாவா அம்மாவான்னு கேட்டா, அவ யாரைச் சொல்லுவா?"