இரைக்க இரைக்க வந்தவன்

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, மணப்பெண் போனிசிவேயின் போர்வைக்குள் தங்கை சென்சிலே வந்து புகுந்துகொண்டாள்.

"அக்கா, நாளைக்கு நான் சொல்லல. வேற யாரையாவது நிக்க வை."

"வேற யாருடீ இருக்கா? அப்பா உனக்குத்தானே சொல்லிக் குடுத்தாரு."

அவர்கள் குல வழக்கப்படி, மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் பெண் வீட்டு முன்னோர் ஏழு பேரையும் புகழ் சொல்லி அழைக்க வேண்டும். அப்பா போன பிறகு அந்தப் பொறுப்பு பதினைந்து வயது சென்சிலேயின் தலையில் விழுந்திருந்தது.

"மூச்சு வாங்கிடும்னு பயமா? நடுவுல நிறுத்து. ஜனங்க 'முஷோ!'ன்னு பாராட்டிக் கத்துவாங்க. அதுக்குள்ள மூச்ச இழுத்துக்கோ."

"அது இல்லக்கா." சென்சிலே போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். "அஞ்சாவது தாத்தாவ நான் சொல்றதே இல்ல. அப்பா சாவுச் சடங்குல கூட விட்டுட்டேன். யாரும் கவனிக்கல."

ஆற்றில் வெள்ளம் வருவதைச் சொல்ல மலை தாண்டி ஓடிவந்தவர் அவர். 'இரைக்க இரைக்க வந்தவன்' என்பதுதான் அவர் புகழ். பள்ளிக்கூடத்தில் சென்சிலேக்கு இரைப்பு வந்தாலே பையன்கள், "வழி விடுங்கடா, கிழட்டு எருது வருது!" என்பார்கள். 'இரைக்க' என்ற வார்த்தையைத் தன் வாயால் எப்படிச் சொல்வாள்?

"அவருக்குக் கோபம்க்கா. அதான் ராத்திரியில இப்படி இழுக்குது."

போனிசிவே தங்கையின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: "நாளைக்கு நான் தலைகுனிஞ்சு நிக்கணும், வாய் தொறக்கக் கூடாது. நீ கூப்பிடலன்னா, அவரில்லாமத்தான்டீ நான் அந்த வீட்டுக்குள்ள போகணும்."

மறுநாள் நான்கு பெயர்கள் கணீரென்று வந்தன. ஐந்தாவதில் நெஞ்சு அடைத்தது. சென்சிலே வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"பாருங்கடீ, ஓட்டை டாக்சி மேடு ஏறுது!" என்றாள் மாப்பிள்ளையின் அத்தை. முற்றமே சிரித்தது.

அக்காவின் குனிந்த தலை அசையவில்லை. மணப்பெண் ஏந்தி நிற்கும் சின்னக் கத்தி அவள் கையில் தரையைப் பார்த்தபடி இருந்தது.

"இரைக்க..." என்றாள் சென்சிலே. "இரைக்க... வந்தவனே! வெள்ளத்த... முந்தினவனே! மூச்ச விட்டாலும்... சேதிய விடாதவனே!"

சிரிப்பு நின்றது. இப்படித்தான் வந்திருப்பார் அந்த மனிதர், இதே மூச்சோடு. எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது.

"முஷோ!" முதலில் கத்தியது அந்த அத்தைதான். அப்புறம் இரண்டு வீட்டாரும் சேர்ந்து கத்தினார்கள். போனிசிவேயின் கத்தி வானத்தை நோக்கி உயர்ந்தது.

ஆறாவது பெயருக்கு சென்சிலே அவசரப்படவில்லை. நடு முற்றத்தில் நிமிர்ந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி மூச்சு வாங்கினாள்.