செயப்பாட்டு வினை

அறிவிப்புப் பலகையைப் பார்த்ததும் கொக்கிக்குப் பகீரென்றது. அவள் முனைவர் பட்ட ஆய்வுக்கு வைத்த தலைப்பு 'பல்கலைக்கழகப் படிப்பிலிருந்து நிறுத்தப்பட்டோர்'. பலகையில் ஒட்டியிருந்த வாய்மொழித் தேர்வு அறிவிப்பிலோ 'பல்கலைக்கழகப் படிப்பில் இடைநின்றோர்' என்று இருந்தது. அச்சுப்பிழை என்று நம்ப அவள் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை. இது யார் பார்த்த வேலை என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

தேர்வுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

கொக்கி என்பது உயர்கல்வி ஆய்வுத் துறையில் வைத்த பெயர். கருத்தரங்கில் யார் என்ன சொன்னாலும் "அது எப்படி சார்?" என்று ஒரு கொக்கி போடுவாள். பெயர் ஒட்டிக்கொண்டது, அவளும் தட்டிவிடவில்லை. வீட்டில் வேறு மாதிரி கிண்டல். "காலேஜப் பத்தியே காலேஜ்ல படிக்கிறியா? அப்ப உன்னைப் பத்தி இன்னொருத்தர் படிப்பாரா?" என்று நாத்தனார் கேட்டபோது, வீடே விழுந்து விழுந்து சிரித்தது. கொக்கியும்தான் சிரித்தாள். ஆனால் படிப்பை விடவில்லை.

படிப்பை முடிக்காமல் போனவர்களைத் தேடிப்பிடித்துப் பேசுவதுதான் அவள் ஆய்வு. புத்தகங்கள் எல்லாம் அவர்களை இடைநின்றோர் என்றே சொல்லின. ஏதோ நடந்து போகிறபோது கால் வலித்து ஓரமாக நின்றுவிட்டவர்கள் மாதிரி! பேசிப் பார்த்தால் கதையே வேறு. ஒருத்திக்கு விடுதியில் இடமில்லை என்று கையை விரித்திருந்தார்கள். பகலில் வேலை பார்த்துக்கொண்டு படித்த ஒருவனுக்கு மாலை வகுப்பை இழுத்து மூடியிருந்தார்கள். இன்னொருத்தி கொக்கியின் கூடப்பிறந்த தங்கை. டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவளிடம், அட்டென்டன்ஸ் பத்தாது என்று சொல்லி ஹால் டிக்கெட்டை மறுத்தார்கள். டாக்டர் சர்டிஃபிகேட்டை வைத்துக்கொண்டு அவள் அலையோ அலை என்று அலைந்தாள். "அடுத்த வாரம் வாம்மா" என்று சொல்லிச் சொல்லியே தேர்வும் முடிந்தது, படிப்பும் முடிந்தது. கடைசியில் அவள் பெயருக்கு நேரே 'இடைநின்றார்' என்று எழுதிவிட்டார்கள். ஓடுகிற பிள்ளையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானாக நின்றுவிட்டாள் என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்?

அவள் நேராகத் தன் ஆய்வு நெறியாளரின் அறைக்குப் போனாள். நல்ல மனிதர்தான், என்ன, பயந்த மனிதர்.

"உன் நல்லதுக்குத்தாம்மா மாத்தினேன். எல்லாரும் புழங்குற சொல்லு அது. நீ செயப்பாட்டு வினையில வச்சிருக்க. நிறுத்தப்பட்டோர்னு சொன்னா, உடனே யாரால நிறுத்தப்பட்டாங்கன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்னுதானே சார் வச்சேன்."

நெறியாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "முதல் பக்கத்தைப் புதுசா அச்சடிச்சு வச்சிருக்கேன். கையெழுத்துப் போடு, போதும். உள்ள நீ எழுதினது அப்படியே இருக்கட்டும், எவன் படிக்கப்போறான்? உன் பதிவு இந்த மாசத்தோட முடியுது. இன்னிக்கு விட்டா ஆறு வருஷ உழைப்பும் அம்போ. ஒரே ஒரு சொல்லும்மா!"

அவர் சொன்னது பொய்யில்லை. அந்தப் பக்கத்தைக் கையில் வாங்கிக்கொண்டு கொக்கி தாழ்வாரத்துக்கு வந்தாள். செருப்புக் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்த தங்கை அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"போட்டுக் குடுத்துட்டு வாக்கா. எனக்காக நீ ஏன் உன் படிப்பைக் கெடுத்துக்கற? எனக்கு அதெல்லாம் பழகிப்போச்சு."

கொக்கிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அதுவரை கையெழுத்துப் போட்டால்தான் என்ன என்று மனசுக்குள் ஒரு சபலம் இருந்தது, அதை மறைப்பானேன். 'பழகிப்போச்சு' என்ற பேச்சில் அது போன இடம் தெரியவில்லை.

"பழகிப்போகலாமாடி? எழுந்திரு, உள்ள வா" என்று தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

தேர்வு அறையில் துறைத் தலைவர் நடுவில் இருந்தார். அவர் பக்கத்தில் நெறியாளர், அடுத்து வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள். அந்த அம்மாளின் கையில் இருந்தது பழைய தலைப்போடு கொக்கி அனுப்பிய பிரதி. ஓரத்தில் நடவடிக்கைக் குறிப்பு எழுதத் துறை எழுத்தர் தயாராக இருந்தார். தங்கை கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

கொக்கி கையெழுத்துப் போடாத பக்கத்தை மேசையில் வைத்தாள். "பலகையில ஒட்டியிருக்கிறது என் தலைப்பு இல்ல சார். நான் எழுதாத ஆய்வுக்கு என்னால பதில் சொல்ல முடியாது. நான் எழுதினதுக்குத் தேர்வு வைங்க. பொழுது சாயற வரைக்கும் கேளுங்க, சளைக்காம பதில் சொல்றேன்."

"அறிவிப்புல என்ன இருக்கோ அதுக்குத்தாம்மா தேர்வு. விதி அப்படி" என்றார் துறைத் தலைவர்.

"அந்த அறிவிப்பை என்னைக் கேக்காம மாத்தலாம்னு எந்த விதியில சார் இருக்கு?"

நெறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். துறைத் தலைவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"இங்க வந்து வம்பு பண்ணாதம்மா. உனக்குப் பட்டம் வேணுமா, அந்தச் சொல்லு வேணுமா?"

"ரெண்டும் வேணும் சார். ரெண்டுக்கும்தான் உழைச்சிருக்கேன்."

"அப்படின்னா தேர்வு ரத்து." அவர் எழுத்தர் பக்கம் திரும்பி, காலமெல்லாம் சொல்லிப் பழகிய வாசகத்தைச் சொன்னார். "எழுதுங்க. ஆய்வாளர் இடைநின்றார்."

சொன்னவருக்கே தான் சொன்னது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கடைசி வரிசையில் தங்கை எழுந்து நின்றுவிட்டாள்.

"நான் எங்க சார் நின்னேன்? பதில் சொல்றேன் சொல்றேன்னு உங்க முன்னாடி கத்திக்கிட்டிருக்கேன்" என்றாள் கொக்கி. எழுத்தரைப் பார்த்துச் சொன்னாள். "நிறுத்தப்பட்டார்னு எழுதுங்கண்ணே."

எழுத்தர் சூதுவாது தெரியாத ஆள். குறிப்பு என்றால் முழுசாக இருக்க வேண்டும் அவருக்கு. எழுதியும் விட்டார். எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தி, "யாராலன்னு போடறதுங்க சார்?" என்றார்.

துறைத் தலைவர் நெறியாளரைப் பார்த்தார். நெறியாளர் ஜன்னலைப் பார்த்தார். அதுவரை வாயே திறக்காத தேர்வாளர் அம்மாள் தன் பிரதியை விரித்து வைத்துக்கொண்டார்.

"என் முதல் கேள்வியும் அதுதான். சொல்லும்மா, யாரால?"

"மேடம், தேர்வைத்தான் ரத்து பண்ணியாச்சே" என்றார் துறைத் தலைவர்.

"தேர்வுதானே ரத்து? நான் இத வரிவிடாம படிச்சிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கேன். பதில் தெரியாம ஊருக்குப் போறதா இல்ல."

பட்டம் போனது போனதுதான் என்றே கொக்கிக்குப் பட்டது. இருந்தாலும் நெஞ்சு நிமிர்ந்தது. மேசையைச் சுற்றியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"நம்மளாலதான் மேடம். வரிசையா சொல்லட்டுமா?"