நூற்றுக்கு ஏழு

என் கணவன் வில்மார் காளைகளுக்குத் தீர்ப்புச் சொல்கிறவன். வருடா வருடம் செப்டம்பரில், பசுக்களோடு காளைகளைச் சேர்த்து விடுவதற்கு முன்னால், கால்நடை டாக்டர் பிரித்தோஸின் ஓட்டை வண்டியில் ஏறிப் பண்ணை பண்ணையாகப் போவான். காளையைக் கூண்டில் அடைத்து, விந்தைச் சேகரித்து, வெதுவெதுப்பான கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். டாக்டருக்குக் கண் மங்கிவிட்டதால் பார்ப்பது இவன், கையெழுத்துப் போடுவது அவர். தேறாத காளையின் புட்டத்தில் சிவப்புச் சாயத்தால் ஒரு பெருக்கல் குறி. அடுத்த வாரம் அது கசாப்புக்குப் போய்விடும்.

மனிதர்களைவிட மாடுகள் மூன்று மடங்கு இருக்கும் உருகுவேயில் இது கௌரவமான உத்தியோகம். எங்கள் ஊரில் மேயருக்குக் கிடைக்கிற வணக்கத்தைவிட வில்மாருக்குக் கிடைப்பது அதிகம். நானூறு பசுக்களில் எது இன்றைக்குச் சினைப்பருவத்தில் இருக்கிறது என்று வேலியில் சாய்ந்தபடியே சொல்லிவிடுவான். பெண்டாட்டிக்கு எந்த வாரம் என்று கேட்டால் மட்டும் காலண்டரைத் தேடுவான்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். முதல் நாலு வருடம் குழந்தைக்கு அவசரப்படவில்லை. அடுத்த இரண்டு வருடம் அவசரப்பட்டும் ஒன்றும் நடக்கவில்லை. அதில் முதல் வருடம் முழுக்க மாவட்ட ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தவள் நான். இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கர்ப்பப்பைக்குள் சாயத்தைச் செலுத்திக் குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். "லேசா வலிக்கும்" என்று சொன்ன நர்ஸை இன்றைக்குத் தெருவில் பார்த்தாலும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

ஒவ்வொரு முறையும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். கேட்கச் சந்தோஷமாக இருந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. எங்கே என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு கோளாறை உடம்பில் வைத்துக்கொண்டு திரிவதைப் போல இருந்தது. கோளாறு என்னிடம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மாமியார் வீட்டிலும் யாருக்கும் வரவில்லை.

கடைசியில் டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "உன்னைப் பாத்தது போதும் நிபியா. இனிமே உன் வீட்டுக்காரர் முறை. ஒரு சின்ன டப்பாதான், வேற ஒண்ணுமில்ல."

அந்தச் சின்ன டப்பாவுக்கு ஒரு வருடம் பிடித்தது. செப்டம்பரில் எங்களுக்கு வசந்தம், காளைகள் வேலை. கோடையில் வெயில். இலையுதிர் காலத்தில் கன்றுகளைப் பிரிக்க வேண்டும். குளிர்காலத்தில், "குளிருல எதுவும் சரியா வராது நிபி" என்றான்.

"உனக்கா, காளைக்கா?"

"பொதுவா சொன்னேன்."

விஷயம் ஊருக்குத் தெரியாமலா இருக்கும்? பண்ணை ஆட்கள் அவனைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவார்கள். "அண்ணே, உங்களைக் கூண்டுல அடைக்க எத்தனை பேரு வேணும்?" என்று ஒருவன் கேட்பான். "அடைக்கறது நாங்க பாத்துக்கறோம், வாலை யாரு பிடிக்கிறது?" என்று இன்னொருவன். வில்மார் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு சிரிக்க மாட்டான்.

ஆகஸ்ட் கடைசியில், அவனைக் கேட்காமலே செப்டம்பர் நாலாவது புதன்கிழமைக்கு ஆஸ்பத்திரி லேபில் அவன் பெயரைப் பதிந்துவிட்டேன். சண்டை போடத் தயாராக இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னேன். அவன், "சரி" என்றான். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மைக்ராஸ்கோப்பைத் துடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டர் பிரித்தோஸின் ஷெட்டுக்குப் போனான். சாவு வீட்டுக்குப் போனவன் போலத் திரும்பி வந்தான். அன்றிலிருந்து முதுகு வலி என்று சொல்லிச் சின்ன அறைக் கட்டிலில் படுத்துக்கொண்டான். கூரை ஒழுகல் எல்லாவற்றையும் அடைத்தான். அடுத்த குளிர்காலத்துக்கும் சேர்த்து விறகு பிளந்து அடுக்கினான். ஒரு நாள் என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய், கிணற்று பம்பு மோட்டாரை எப்படிப் போடுவது, எப்படி நிறுத்துவது என்று சொல்லிக்கொடுத்தான். எங்கள் ஊர் ஆண்பிள்ளை பெண்டாட்டிக்கு மோட்டார் போடக் கற்றுக்கொடுக்கிறான் என்றால் ஒன்று சாகப் போகிறான், இல்லையென்றால் ஓடப் போகிறான். இவன் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆகவே ஓடப் போகிறான் என்று முடிவு கட்டினேன். யாரோடு என்பதற்குக்கூட என்னிடம் ஆள் தயாராக இருந்தாள்: பேக்கரி யோலாண்டா.

புதன்கிழமைக்குப் பத்து நாள் இருக்கும்போது, காலையில் மாத்தே இலைக் கஷாயத்தைக் குழலால் உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனிடம் நேராகவே கேட்டேன்.

"யாரு அவ?"

"எவ?"

"கூரை அடைச்சாச்சு, விறகு பிளந்தாச்சு, மோட்டார் கத்துக் குடுத்தாச்சு. யாரு வீட்டுக்குப் போறதுக்கு இத்தனை ஏற்பாடுன்னு கேக்கறேன்."

அவன் குழலை வாயிலிருந்து எடுத்தான். "நான் பாத்துட்டேன் நிபி."

"எதை?"

"என்னோடதை. பிரித்தோஸ் ஷெட்டுல. மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முகம் எப்போதும் என்னைக் கேட்காமலே சிரித்துவிடும். "கூண்டுல நீயே ஏறி நின்னியா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"காளையோடதுன்னா புயல் மேகம் மாதிரி சுழலும். என்னோடதைப் பாத்தா, மதியத் தூக்க நேரத்துல ஊர்ச் சதுக்கம் இருக்குமே, அப்படி இருக்கு. அங்கொண்ணு இங்கொண்ணு. அதுலயும் பாதி நொண்டுது. சாயம் போட்டு நூறு எண்ணினேன். நம்பாம மூணு தடவை எண்ணினேன். சரியான வடிவத்துல இருக்கறது ஏழு. நூத்துக்கு ஏழு நிபி! காளைக்கு எழுபதுக்குக் கீழ போனாலே நான் சிவப்புச் சாயத்தை எடுத்துருவேன்." குழலையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "உனக்கு முப்பத்திமூணுதான் ஆவுது. இன்னும் நேரம் இருக்கு. நீ போறதா இருந்தா நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

அந்த நிமிஷம் எனக்குள் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்தது நிம்மதி. அப்படியானால் கோளாறு என்னிடம் இல்லை. இரண்டு வருடமாக மார்பில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. அதற்குப் பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன், வெட்கம் வந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கத்தத்தான் தெரியும்.

"நீயே டாக்டரு, நீயே லேபு, நீயே காளையா? ஒழுங்கா புதன்கிழமை வந்து பஸ் ஏறு. அவங்களும் ஏழுன்னு சொல்லட்டும், யாரு எங்க போறதுன்னு அப்புறம் பேசிக்கலாம்."

"எல்லாரும் பாப்பாங்க நிபி."

"என்னை எல்லாரும் பாத்தாங்க. செத்தா போயிட்டேன்?"

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு லேபில் அவன் பெயரை உரக்கக் கூப்பிட்டார்கள். டப்பாவை வாங்கிக்கொண்டு ஓர் அறைக்குள் போனவன், நாற்பது நிமிஷம் கழித்துக் காதுவரை சிவந்து வெளியே வந்தான். உள்ளே பார்ப்பதற்குப் பத்திரிகை வைத்திருந்தார்களாம்.

"என்ன பத்திரிகை?" என்று காதோரம் கேட்டேன்.

"டிராக்டர் விளம்பரம்."

மூன்று மணிக்கு முடிவு வந்தது. ரொமினா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஒரு சின்னப் பெண் தாளை நீட்டி, "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. வில்மார் அந்தத் தாளை, யாரோ விற்க வந்த காளையின் சான்றிதழைப் படிப்பதைப் போல, முன்னும் பின்னும் புரட்டிப் படித்தான்.

"மேடம், இதுல ஒரு தப்பு இருக்கு."

"என்ன தப்பு சார்?"

"சரியான வடிவம் ஏழுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா, ஏழு."

"பாத்தியா, நான் எண்ணினது சரி!" என்று என் பக்கம் திரும்பிப் பெருமைப்பட்டுவிட்டு, மறுபடி அவளிடம் போனான். "ஆனா கீழ 'இயல்பு'ன்னு எழுதியிருக்கீங்களே. ஏழு எப்படிம்மா இயல்பு? எழுபது வேணுமே."

"எழுபதா? யாருக்கு?"

வில்மார் நிமிர்ந்து நின்றான். "ஹெரிஃபோர்டு காளைக்கு. ஆங்கஸ்னாலும் அதேதான்."

ரொமினா வாயைப் பொத்திக்கொண்டாள். வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் ஆங்கஸ் என்ற சொல்லைக் கேட்டு நிமிர்ந்தாள்.

"சார், மனுஷனுக்கு நாலு போதும்."

"நாலா?"

"நாலுதான்."

"நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான் சார். நீச்சலு, எண்ணிக்கை எல்லாமே மனுஷக் கணக்குக்கு நல்லா இருக்கு."

வில்மார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். தன்னைப் பற்றிய சந்தோஷத்தைவிட மனித குலத்தைப் பற்றிய அதிர்ச்சிதான் அவன் முகத்தில் பெரிதாக இருந்தது. "அப்படின்னா நம்ம எல்லாரையும் கழிச்சுக் கட்ட வேண்டியதுதாம்மா," என்றான். "ஒரு பண்ணைக்காரன் வாங்க மாட்டான்." வரிசை முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் வீட்டுக்காரனைப் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள்.

பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் பால்பாகு வைத்த ரொட்டி இரண்டு வாங்கினான். இரண்டையும் அவனே தின்றான். பெஞ்சில் உட்கார்ந்து, நாலு சதவீதத்தை வைத்துக்கொண்டு மனிதர்கள் எப்படி இத்தனை கோடி ஆனார்கள் என்று எனக்கு விளக்கினான். நான் பேசாமல் இருப்பதைக் கவனிக்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

"என்ன நிபி, சந்தோஷமா இல்லையா?"

"சந்தோஷம்தான்."

"சும்மா சொல்லாத."

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் கேட்கவில்லை. "உனக்கும் ஒண்ணும் இல்ல, எனக்கும் ஒண்ணும் இல்லங்கறாங்க. அப்புறம் ஏன் வரலை? பத்து நாளா உன்கிட்டதான் குறைன்னு நெனைச்சுட்டு இருந்தேன்டா. நிம்மதியா இருந்துச்சு. தூங்கினேன். இப்போ அது திரும்ப என்கிட்டயே வந்துருச்சு."

சொல்லி முடித்ததும் பயமாக இருந்தது. புருஷன் உடம்பில் குறை இருந்ததில் நிம்மதியாகத் தூங்கினேன் என்று எந்தப் பெண்டாட்டி சொல்வாள்? அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

"மூணு வாரம்," என்றான். "மூணே மூணு வாரந்தான் நான் அப்படி நெனைச்சுட்டு இருந்தேன். சோறு இறங்குச்சே தவிர ருசி தெரியலை. உன் மூஞ்சியைப் பாக்க முடியாம வேற ரூம்ல போய்ப் படுத்தேன். நீ ரெண்டு வருஷம் இப்படியே இருந்திருக்கே. எப்படி நிபி தாங்கினே?"

"நான் எங்கடா தாங்கினேன்?" என்றேன்.

அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. பஸ் நிலையம் என்றும் பார்க்கவில்லை, டிக்கெட் வரிசையில் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. இரண்டு வருடத்தில் அவன் முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை. மிரண்ட கன்றுக்குட்டியை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்த மனுஷனுக்கு என்னை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் கையைப் பிடித்தான். பிசுபிசுவென்று இருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. காளையைப் பத்தித்தான் தெரியும். நீ சொல்லு. முதல்லேருந்து சொல்லு," என்றான்.

"பஸ் வந்துருச்சுடா."

"போகட்டும்."

பஸ் கிளம்பிப் போயிற்று. நான் முதல் இரத்தப் பரிசோதனையிலிருந்து ஆரம்பித்தேன்.