டெய்லரக்கா குறி வைத்தாள்

அந்த ஜன்னல் அறையை மட்டும் அவன் கேட்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

தெருவே அவளை டெய்லரக்கா என்றுதான் கூப்பிடும். வீட்டில் அவள், அவள் வீட்டுக்காரர், அவருடைய தம்பி என்று மூன்றே பேர். உருப்படியாக வெளிச்சம் வருகிற அறை ஒன்றே ஒன்று. அதில்தான் அவளுடைய தையல் மிஷின் இருந்தது. கொழுந்தன் ஒருநாள் நகராத சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து இறக்கினான். உட்கார்ந்த இடத்திலேயே மிதிக்க வேண்டுமாம், தொப்பை கரையுமாம். மிதிக்கிறபோது வேடிக்கை பார்க்க துரைக்கு ஜன்னலும் வேண்டுமாம்.

“தையலுக்கு எந்த ரூமா இருந்தா என்ன அண்ணி? ஸ்டோர் ரூம்ல ஒரு லைட்டைப் போட்டு உக்காந்துக்கோங்க.”

சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினான். அவளுக்குச் சுருக்கென்றது. ஓட்டல் ஆட்களுக்கான கறுப்புக் கோட்டு ஒரு மூட்டை அப்போதுதான் வந்திருந்தது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல். பட்டப்பகல் வெளிச்சத்திலேயே தையல் எங்கே போகிறதென்று கண்ணை இடுக்கிக்கொண்டு தேட வேண்டும். ஸ்டோர் ரூமில் உட்கார்ந்தால் ஒரே மாதத்தில் கண் அவிந்துவிடும். அவன் அறையைக் கேட்டதுகூடப் பெரிதில்லை, அவள் வேலையைப் பொழுதுபோகாமல் செய்கிற ஏதோ ஒன்று மாதிரி பேசினான் பாருங்கள், அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புருஷனைப் பார்த்தாள். அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். “நான் ரெண்டு பேருக்கும் பொது” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷர் எல்லாருக்கும் பொதுதான்.

கொழுந்தனுக்கு ஒரு பைத்தியம் உண்டு, பெயின்ட்பால். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், முகமூடியை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய் ஆள்மேல் ஆள் சாயக்குண்டு சுட்டு விளையாடிவிட்டு, வாங்கின கோப்பையைச் சாப்பாட்டு மேஜையில் நட்டநடுவே வைப்பான். அன்றைக்கும் வாய் சும்மா இருக்கவில்லை.

“வேணும்னா களத்துக்கு வாங்க அண்ணி. நீங்களும் நானும் மட்டும். முதல்ல அவுட் ஆனவங்க தோத்தவங்க. நீங்க ஜெயிச்சுட்டா அந்த ரூம் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்.”

“சரி” என்றாள் அவள்.

அவன் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது. சிரிக்கட்டும் என்று அவள் அடுத்த நாளே கடைக்குப் போய்ப் புத்தம்புதிதாக ஒன்று வாங்கிவிட்டாள். அதைத் துப்பாக்கி என்று சொல்லக்கூடாதாம், மார்க்கர் என்றுதான் சொல்ல வேண்டுமாம். கடைக்காரர் நாலுதரம் திருத்திப் பார்த்தார். அவள் அதற்கு ‘மிஷின்’ என்று பேர் வைத்துவிட்டாள். மேலே குண்டு கொட்ட ஒரு டப்பா, பின்னால் காற்றுச் சிலிண்டர், முன்னால் நீளக் குழாய். குழாயின் வாய்க்கு மாட்ட, கயிறு கோத்த சிவப்புத் துணி உறை ஒன்று. விளையாடாத நேரத்தில் தப்பித்தவறி குண்டு கிளம்பினால் உறையோடு நின்றுவிடும் என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து உறையைத் திருப்பிப் பார்த்தவளுக்குப் பொறுக்கவில்லை. “கர்மம், இதுவும் ஒரு தையலா?” ஓரம் மடிக்கவில்லை, இழுத்தால் நூல் கையோடு வந்தது. தூக்கிப் போட்டுவிட்டு, கோட்டுத் துணியில் மிச்சம் விழுந்த துண்டை எடுத்து, இரட்டைத் தையல் போட்டுப் புதிதாக ஒன்று தைத்தாள். கறுப்புக் குழாய்க்குக் கறுப்பு உறை. கன கச்சிதம். மாட்டினால் அது குழாயா உறையா என்று தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து எண்ணெய். மிஷின் என்று பேர் வைத்தாயிற்று, எண்ணெய் விடாமல் எப்படி? ஓட்டை தெரிந்த இடத்திலெல்லாம் தையல் மிஷின் எண்ணெயை விட்டாள். குழாய்க்குள்ளும் தாராளமாக.

கொல்லைப்புறச் சுவரில் பிரவுன் பேப்பரில் வெட்டிய ஓர் ஆளை ஒட்டினாள். கொழுந்தனுடைய மார்பளவு, தோளளவு, வர வர இளகிக்கொண்டே போகும் இடுப்பளவு எல்லாம் அவளுக்கு அத்துப்படி, அவனே வந்து நின்ற மாதிரி இருந்தது. முகமூடியைப் போட்டுக்கொண்டு, உறையைக் கழற்றிவிட்டு, நெஞ்சைப் பார்த்துச் சுட்டாள். குண்டு வளைந்து வலதுபக்கம் போய்ச் சுவரில் சிதறியது. இன்னொன்று. அதுவும் வலதுபக்கம். பத்துப் பதினைந்து குண்டு போன பிறகும் பேப்பர் ஆள்மேல் ஒரு துளி சாயம் இல்லை, பக்கத்துச் சுவர்தான் மஞ்சள் குளித்திருந்தது.

அப்போதுதான் மேலே ஒரு கனைப்புக் கேட்டது. மாடி பாத்ரூமின் சின்ன ஜன்னலில் ஒரு மூக்கு தெரிந்தது, பார்த்ததும் மறைந்தது. யார் மூக்கு என்று சொல்ல வேண்டுமா என்ன? ‘நேரே நின்றாலே போதும், இவள் குண்டு வலதுபக்கம் பறந்துவிடும்’ என்று அவன் கணக்குப் போடுவது அவளுக்குக் கீழிருந்தே கேட்டது. போடட்டும், நன்றாகப் போடட்டும்.

கடைக்காரருக்குப் போன் போட்டாள். “ஐயையோ, குழாய்க்குள்ள எண்ணெய் விடலாமாக்கா? துணிய உள்ள விட்டு இழுத்துத் துடைங்க” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். துணிக்கா அவளிடம் பஞ்சம்? அவன் வேலைக்குப் போன பிறகு சுத்தமாகத் துடைத்து ஒரே ஒரு குண்டைச் சுட்டாள். வேலிக் கம்பத்தில் மாட்டியிருந்த தகர டப்பா நட்டநடு வயிற்றில் மஞ்சள் வாங்கியது. சாயங்காலம் அவன் வீடு திரும்பும் நேரம் பார்த்து மறுபடி எண்ணெயை விட்டு, மறுபடி சுவரை நாசம் பண்ணினாள். “சே, இது என்ன இழவு மிஷின்!” என்று உரக்கச் சலித்துக்கொள்ளவும் தவறவில்லை. மேலே பாத்ரூம் குழாய் சும்மாவே திறந்து ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு வந்தது. குழாயைத் துடைத்துப் பளபளவென்று வைத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். மைதானத்தில் அங்கங்கே பழைய டிரம்மும் டயரும் கிடந்தன. கொழுந்தன் அண்ணன் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிட்டுப் பாடம் நடத்தினான்.

“நல்லாக் கேட்டுக்கோங்க அண்ணி. களத்துக்குள்ள எதுக்காகவும் மாஸ்க்கைக் கழட்டக் கூடாது. மாஸ்க் முகத்தை விட்டு வந்தா அந்த நிமிஷமே அவுட். கண்ணு விஷயம், இதுல தாட்சண்யமே கிடையாது. அண்ணா, நீ பாட்டுக்கு வேடிக்கை பாத்துட்டு நிக்காத, உடனே விசில் அடிக்கணும்.”

“சரிப்பா” என்றார் அவர். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், பொதுவாக.

விசில் ஊதியதும் அவள் ஒரு டிரம்முக்குப் பின்னால் குந்தினாள். சிரித்துக் கெடுத்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் எதிர்பார்த்த மாதிரியே, அவன் ஒளியவில்லை. ராஜநடை நடந்து வந்து, அவளுக்கு நேர் எதிரே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

“சுடுங்க அண்ணி! ஆசை தீரச் சுடுங்க. அப்புறம் சுட விடலேன்னு சொல்லக் கூடாது.”

வந்தாயா மகனே என்று அவள் எழுந்தாள். சட்டையின் மூன்றாவது பித்தானைக் குறிவைத்தாள். அவள் கையால் கட்டிய பித்தான்தான் அது. விசையை அழுத்தினாள்.

டொப்.

குண்டு கிளம்பிய சத்தம் கேட்டது, குண்டைக் காணோம். குனிந்து பார்த்தாள். குழாயின் நுனி உப்பிக்கொண்டு நின்றது. அவள் தைத்த உறை! கிளம்பும்போது மாட்டியவள் கழற்றவே இல்லை. கச்சிதமோ கச்சிதம் என்று அவள் மெச்சிக்கொண்ட உறை உள்ளே முழுக்கச் சாயத்தை வாங்கிக்கொண்டு, பணியாரம் அடக்கிய கன்னம் மாதிரி நின்றது. இரட்டைத் தையல் ஒரு சொட்டுக்கூட வெளியே விடவில்லை. போச்சு, எல்லாம் போச்சு. ஸ்டோர் ரூமும் மூட்டைக் கோட்டும் அவள் கண்முன்னால் வந்து நின்றன.

அவன் பார்த்தான். முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தான். அண்ணி தைத்த உறை அண்ணியையே கவிழ்த்துவிட்டதே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மார்க்கரைக் கீழே போட்டுவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்து சிரித்தான். முகமூடிக் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்தது, உள்ளே கண்ணீர் ஆறாக ஓடியது. “ஐயோ அண்ணி, முடியல” என்று திணறிக்கொண்டே முகமூடியை நெற்றிக்கு ஏற்றி, புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

மைதானமே அதிரும்படி ஒரு விசில்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வீட்டுக்காரர் கன்னம் உப்ப, முகம் சிவக்க ஊதிக்கொண்டிருந்தார். நிறுத்திவிட்டு, தம்பியை நோக்கி விரலை நீட்டினார்.

“அவுட்.”

“அண்ணா! அவங்க என்னைச் சுடவே இல்லையே!”

“மாஸ்க்கைக் கழட்டின. நீதான சொன்ன, தாட்சண்யமே கிடையாதுன்னு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “எனக்கும் அந்தக் கோட்டு வேலையப் பாத்தா பாவமாத்தான்டா இருக்கு” என்றார். அவர் அப்படிச் சொல்வாரென்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. வீட்டுக்குப் போய் அவருக்குப் பிஸ்கட் பாக்கெட்டே பிரித்து வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுவாரம் சைக்கிள் ஸ்டோர் ரூமுக்குப் போனது. ஜன்னல் அறைச் சுவரில், மிஷினுக்கு நேர் எதிரே, அந்தப் பேப்பர் ஆளை அவள் ஒட்டிவைத்தாள். முட்டியில் கிழிந்த பேன்ட்டைத் தைக்கக் கொடுக்க வந்த கொழுந்தன் அதைப் பார்த்துவிட்டு ரோஷத்தோடு நின்றான்.

“பாருங்க அண்ணி, அவ்வளவு சுட்டும் மேல ஒரு துளி சாயம் படல.”

“ஆமா தம்பி” என்றாள் அவள், வெளிச்சத்தில் ஊசியைத் தூக்கிப் பிடித்து ஒரே குத்தில் கறுப்பு நூலைக் கோத்தபடி. “படாமலே விழுந்துட்டீங்களே.”