மஞ்சள் சோபாவும் ஏழு கரடிகளும்

எங்கள் வீட்டில் பதினெட்டு மரமுண்டுகள் இருந்தன. நிம்மதியாக உட்கார ஓர் இடம் கிடையாது.

வீடு முழுக்கத் தடிமரங்களை அடுக்கிக் கட்டியது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் கூரை ஏறியதும் என் புருஷன் ஆர்லோவுக்கு ஒரு பித்துப் பிடித்தது. மரவீட்டுக்குள் இருக்கிற எல்லாமே காட்டிலிருந்து வந்த மாதிரி இருக்க வேண்டுமாம். நாற்காலிக்குப் பதில் மரமுண்டு. விளக்குக்குப் பதில் எல்க் மான் கொம்புகளைப் பின்னித் தொங்கவிட்ட ஒரு பயங்கரம். அதன் கீழே போகிறவர்கள் தொப்பியைப் பறிகொடுக்காமல் போனதில்லை. சாப்பாட்டு மேசை ஒரு வண்டிச் சக்கரம். மேலே கண்ணாடி போட்டால் அழகு கெட்டுவிடும் என்று சக்கரத்தின் ஆரக்கால்கள் மேலேயே தட்டை வைப்பான். போன குளிர்காலம் முழுக்க நாங்கள் கரண்டியைத் தரையில் தேடித்தான் சூப் குடித்தோம். ஜன்னல்களுக்குக் குதிரை லாடங்களைப் பற்றவைத்துக் கம்பி போட்டான், கரடி வராதாம். பின்வாசல் வேண்டாம் என்றான், பழைய காலத்து மரவீட்டுக்கு ஒரே வாசல்தானாம். கக்கூஸ் வெளியே, பைன் மரங்களுக்குப் பின்னால், நாற்பது எட்டு வைத்து நடக்கிற தூரத்தில்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவனிடம் என்ன பேசுவது?

நான் இந்தப் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் இருபத்தொன்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பனியிலும் பள்ளத்திலும் குலுங்கிக் குலுங்கி என் முதுகு நொந்து நூலாகிவிட்டது. வேலையை விட்ட மறுவாரம் மிசூலா டவுனுக்குப் போய் என் சொந்தக் காசில் ஒரு சோபா வாங்கினேன். மஞ்சள் வெல்வெட். வெயில் பட்டால் கண் கூசும். கடையில் அதில் உட்கார்ந்து பார்த்தபோது முதுகு வலிக்கவில்லை. ஐந்து நிமிஷம் ஆகியும் வலிக்கவில்லை. நான் அங்கேயே அழுதுவிட்டேன். கடைக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சோபா வந்த அன்று ஆர்லோ வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"மரவீட்டுக்குள்ள மஞ்சளா? காட்டுல எங்கடி இருக்கு மஞ்சள்?"

"அக்டோபர்ல லார்ச் மரத்தப் பாருய்யா. மலை மலையா மஞ்சள்தான்."

"அது உதிர்ந்துடும். இது உதிராது."

சோபா வராந்தாவிலேயே தங்கிவிட்டது. நானும் அதோடு வராந்தாவிலேயே தங்கிவிட்டேன். ஆகஸ்ட், செப்டம்பர் எல்லாம் சரி. அக்டோபரில் காலையில் அதன்மேல் உறைபனி பூத்திருக்கும். குளிர்காலம் வந்தால் அது செத்துவிடும், என் முதுகும் கூடவே செத்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

இந்த நேரம் பார்த்து ஆர்லோவுக்குக் காலண்டர் ஆசை வந்தது. பள்ளத்தாக்கின் மரவீட்டுக்காரர் சங்கம் வருஷா வருஷம் ஒரு காலண்டர் போடும், பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு வீடு. வீடு பார்த்துத் தேர்ந்தெடுக்கிறவர் கேரிட்டி அம்மா. அவர் வேட்டைப் பருவத்தின் முதல் நாள் மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

அன்று காலை ஆர்லோ என்னிடம் நல்லவன் போல் வந்தான்.

"வெல்டா, பழஞ்சாமான் கடை லாரி மூணு மணிக்கு வருது. சோபாவ ஏழைபாழைக்குக் குடுத்துடலாம். புண்ணியம்."

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"காலண்டர் விஷயம்டி! மேடம் ரெண்டு மணிக்கே வந்துடுவாங்க. அதனால, இந்தக் குதிரைப் போர்வையால சோபாவ மூடிட்டு மேல நீ உக்காந்துக்கோ. மலைக்காரி மாதிரி எதையாவது பின்னிட்டிரு."

"எனக்குப் பின்னத் தெரியாதுய்யா."

"ஊசிய ஆட்டு, போதும்."

என் சோபாவை, என்னையே அதன்மேல் உட்காரவைத்து மறைக்கிற திட்டம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஊசியாலேயே அவனை ஒரு குத்துக் குத்தியிருப்பேன். ஆனால் வெளியே குளிர், போர்வை கதகதப்பு, முதுகும் சும்மா இருந்தது. உட்கார்ந்தேன்.

கேரிட்டி அம்மா வந்தார். எழுபது வயது, கையில் பெரிய காபிக் குவளை. தொலைவிலிருந்து வண்டி ஓட்டி வந்தவர். ஆர்லோ அவரை உள்ளே கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினான். கொம்பு விளக்கு அவர் தொப்பியை வாங்கிக்கொண்ட சத்தம் எனக்கு வெளியே கேட்டது. கடைசியில் அவன் பெருமையின் சிகரத்துக்கு வந்தான். கதவு.

அந்தக் கதவை அவனே செதுக்கினான். மூன்று அங்குலக் கனம், மான்கொம்புக் கைப்பிடி. கதவுக்கு மேலே ஏழு கரடிகள் வரிசையாக நடந்துபோகும், எல்லாம் ஒரே லார்ச் கட்டையில் குடைந்தவை. எங்களுக்கு வீடு கட்டித் தந்த ஹால்வர் கிழவர் அந்த இடத்தில் நாலு விரல் சந்து விட்டு, உள்ளே கம்பளி அடைத்து, மேலே ஒரு பலகை அடித்திருந்தார். "பச்சை மரம். காயக் காயச் சுவர் கீழ இறங்கும். சந்துல கைய வைக்காத" என்று பத்துத் தடவை சொல்லியிருந்தார். ஆர்லோ பலகையைப் பிடுங்கினான், கம்பளியைப் பிடுங்கினான், கரடிக் குடும்பத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டி உள்ளே ஏற்றினான். ஒரு குளிர்காலம் அடுப்பு எரிந்தது. சுவர் இறங்கியது. கோடையிலேயே கதவு முனக ஆரம்பித்தது. "ஈரக் காத்து" என்று சொல்லிவிட்டு இன்னும் ஓங்கிச் சாத்துவான்.

"இந்தச் சத்தத்தக் கேளுங்க மேடம்," என்றான் உள்ளேயிருந்து. "இப்படி ஒரு கதவு இந்த மாநிலத்துலயே கெடையாது."

ஓங்கிச் சாத்தினான். வராந்தா அதிர்ந்தது. பிறகு இழுக்கிற சத்தம். பிறகு டொக்கென்று ஒன்று.

"கைப்பிடி கையோட வந்துடுச்சு," என்றான் ஆர்லோ.

நான் ஊசியை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"வெல்டா! வெளியிலேர்ந்து தள்ளு!"

எழுந்துபோய்த் தள்ளினேன். அசையவில்லை. கதவு மேல்சட்டத்தில் கடித்திருந்தது, சட்டத்தின்மேல் கரடிகள், கரடிகள்மேல் மொத்தச் சுவர். ஹால்வருக்குப் போன் போட்டேன். முதல் நாள் வேட்டை, பள்ளத்தாக்கே மலைமேல் இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

லாடக் கம்பிக்குப் பின்னால் கேரிட்டி அம்மாவின் முகம் வந்தது.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க வீட்டு கக்கூஸ் எங்க இருக்கு?"

"அந்தா, பைன் மரத்துக்குப் பின்னால. நாப்பது எட்டு."

அவர் பைன் மரங்களைப் பார்த்தார். கையில் இருந்த காலிக் குவளையைப் பார்த்தார். அந்த முகத்தை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

"கொஞ்சம் உக்காருங்க மேடம்," என்றான் ஆர்லோ.

"அந்த முண்டுலயா? வேண்டாம்ப்பா. நிக்கிறதே மேல்."

நான் கொட்டகைக்குப் போய்ச் சங்கிலி ரம்பத்தை எடுத்துவந்தேன். எங்கள் வீட்டு விறகெல்லாம் நான் அறுத்ததுதான். ஒரு மரமுண்டை உருட்டிவந்து ஏறி நின்றேன், அதற்காவது உதவியது. ஆர்லோ அடுத்த ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றான்.

"அடியே, என்ன பண்ணப் போற?"

"கரடிய அறுக்கப் போறேன்."

"அறுக்காதடி! நாலு மாசம் செதுக்கினேன். நடுவுல இருக்கிற பெரிய கரடிக்கு நகம்கூட வெச்சிருக்கேன்!"

அப்போது லாரி வந்தது. மூன்று மணி. லாரிக்காரன் இறங்கி, கையில் ரம்பத்தோடு முண்டின்மேல் நிற்கிற என்னையும், கம்பிக்குள் இருக்கிற இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சோபா எடுக்க வந்தேங்க. தப்பான நேரமா?"

"சரியான நேரம்," என்றேன். "கொஞ்சம் பொறுங்க. யோவ் ஆர்லோ, நீயே சொல்லு. இவர் சோபாவத் தூக்கிட்டுப் போனா, நான் ரம்பத்தக் கொட்டகைல வெச்சிட்டு அந்த லாரிலயே ஏறி எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். ஹால்வர் வேட்டை முடிஞ்சு நாளைக்கு வந்து கதவத் தொறப்பார். சோபா உள்ள வந்தா, இப்பவே அறுக்கிறேன்."

"மெரட்டுறியா?"

"இல்லய்யா, அழுறேன். நல்லாப் பாரு." உண்மையிலேயே கண்ணில் நீர் வந்திருந்தது. "இந்த வீட்ல மானுக்கு எடம் இருக்கு, கரடிக்கு எடம் இருக்கு, செத்துப்போன மீனுக்குக்கூட அடுப்புக்கு மேல எடம் இருக்கு. எனக்கு மட்டும்தான் எடம் இல்ல."

ஆர்லோ கெட்டவன் இல்லை. இப்படி ஒரு பக்கம் இருப்பதே அவனுக்குத் தோன்றியிருக்காது. கேரிட்டி அம்மாவுக்கு அதையெல்லாம் யோசிக்க நேரம் இல்லை.

"யோவ்!" என்று அவன் தோளில் குவளையால் ஒரு போடு போட்டார். "சோபா உள்ள வரட்டும்னு சொல்லுய்யா! எனக்குத் தாங்கல!"

"வரட்டும்," என்றான் ஆர்லோ. "ஆனா பெரிய கரடிய மட்டும் விட்டுடு."

பெரிய கரடியைத்தான் முதலில் அறுத்தேன். சுமையெல்லாம் அதன்மேல்தான். ஏழாவது விழுந்ததும் நானும் லாரிக்காரனும் சேர்ந்து கதவை ஓர் உதை உதைத்தோம். கதவு திறந்தது, சட்டமும் பிளந்துகொண்டு கூடவே வந்தது. கேரிட்டி அம்மா எங்கள் மூவரையும் தாண்டி ஓடினார். நாற்பது எட்டு என்று சொன்னேனே, அவர் பதினைந்தில் முடித்தார்.

திரும்பி வந்து நேரே வராந்தா சோபாவில் விழுந்தார். போர்வை சரிந்து மஞ்சள் தெரிந்தது. எதிரே மலை முழுக்க லார்ச் மரங்கள் அதே மஞ்சளில் நின்றன. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா," என்றார்.

ஆர்லோ மலையைப் பார்த்தான், சோபாவைப் பார்த்தான். கேரிட்டி அம்மா எழுந்ததும் ஒரு முனையைத் தூக்கினான். மறுமுனையை லாரிக்காரன் பிடித்தான். கதவும் சட்டமும் இல்லாத வெறும் ஓட்டை வழியாகச் சோபா உரசாமல் உள்ளே போனது. அதன் இடத்துக்காக ஆறு முண்டுகளை லாரியில் ஏற்றிவிட்டோம். லாரிக்காரன் அவற்றை என்ன செய்தானோ, தெரியாது.

காலண்டரில் எங்களுக்குப் பிப்ரவரி கிடைத்தது. இருக்கிறதிலேயே குறைந்த நாள் உள்ள மாதம். ஆர்லோ ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்திருந்தான். அந்த ஒரு வாரமும் என் சோபாவில் உட்கார்ந்துதான் தூக்கிவைத்திருந்தான்.

ஹால்வர் வந்து பிளந்த சட்டத்தைக் கழித்துவிட்டு, இறங்கின சுவருக்குத் தக்கபடி புதுச் சட்டம் போட்டார். மேலே மறுபடி நாலு விரல் சந்து விட்டார். ஆர்லோ செதுக்கின கதவைக் கீழே அறுத்துக் குட்டையாக்கினார். சந்தைப் பலகையால் மூடும்போது என் கையில் ஆணியைக் கொடுத்து, "நீயே அடிம்மா. அவன் பக்கத்துல வராம பாத்துக்கோ," என்றார்.

வேலை முடிந்து அவர் புறப்படும்போது ஆர்லோ மெதுவாகக் கேட்டான். "இல்ல ஹால்வர், சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். எப்பவாவது இந்தச் சோபாவ வெளிய எடுக்கணும்னா?"

ஹால்வர் அளவு நாடாவை எடுத்தார். வாசலை அளந்தார். சோபாவை நீட்டில் அளந்தார், சாய்த்து அளந்தார், தலைகீழாகக் கவிழ்த்தும் அளந்தார். பிறகு நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டார்.

"முடியாதுப்பா," என்றார். "வீட்ட அறுத்தாத்தான் ஆகும்."

நான் போய்ச் சோபாவில் உட்கார்ந்துகொண்டேன்.